கைப்பிடி அரிசியில் எழுந்த மலையூர்!

மாலை மணி நாலரை. ஐஸ்வால் நகரத்து வீடுகளில் அடுப்படி விளக்குகள் எரிய ஆரம்பிக்கின்றன. நாட்டின் கிழக்குக் கோடியில் இருப்பதால் இங்கே சூரியனுக்கு அவசரம் அதிகம். மார்கழி மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். ராச்சாப்பாடும் சீக்கிரமே முடிந்துவிடும்.

வீட்டு அம்மா அரிசிப் பானையைத் திறந்து, எத்தனை பேர் சாப்பிடுவார்களோ அத்தனை பேருக்கு அளந்து எடுக்கிறார். அதைக் கழுவுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கிறார். அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துப் பக்கத்தில் இருக்கும் டப்பாவில் போடுகிறார். மனதுக்குள் சின்னதாக ஒரு ஜெபம். பிறகு மீதி அரிசி உலைக்குப் போகிறது.

காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. மிசோரம் முழுக்கப் பல்லாயிரம் வீடுகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிற காரியம் இது. மிசோ மொழியில் இதற்கு 'புஃபாய் தாம்' என்று பெயர். புஃபாய் என்றால் அரிசி. தாம் என்றால் கைப்பிடி.

'அட, இது நம்ம ஊர் பிடி அரிசி ஆச்சே!' என்று தோன்றுகிறதா? அதேதான். காஞ்சிப் பெரியவர் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போன பிடி அரிசித் திட்டமும், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமங்களில் தாய்மார்கள் எடுத்து வைக்கும் பிடியரிசிக் காணிக்கையும் இதற்கு உறவுமுறைதான். ஆனால் ஒரு மாநிலமே சேர்ந்து இதைத் தினசரிப் பழக்கமாக வைத்துக்கொண்டிருக்கும் இடம் மிசோரம்.

காசு இல்லாதவர்களின் காணிக்கை

1894-ஆம் ஆண்டு ஜனவரி 11 அன்று லோரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு மிஷனரிகள் ஐஸ்வாலுக்குப் பக்கத்தில் உள்ள சாய்ராங் என்ற ஆற்றங்கரை ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அதுவரை எழுத்து இல்லாமல் இருந்த மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தில் நெடுங்கணக்கு அமைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். 1897-ல் வேல்ஸ் நாட்டிலிருந்து டி.இ.ஜோன்ஸ் வந்தார். சிறுகச் சிறுகச் சபை வளர்ந்தது.

ஊழியம் செய்ய ஆள் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், மருந்து வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? மலைச்சரிவில் காட்டை வெட்டி, எரித்து, நெல் விதைத்துச் சாப்பிடுகிற ஜனங்கள். கையில் காசு புழங்காத காலம். அதிலும் பெண்களின் கையில் காசு என்ற பேச்சே இல்லை. விதைப்பதும், களை எடுப்பதும், நெல் குத்துவதும், தண்ணீரும் விறகும் சுமப்பதும் அவர்கள்தான். ஆனால் 'இது என்னுடையது, இதைக் கொடுக்கிறேன்' என்று சொல்ல அவர்களுக்கு எதுவும் இல்லை.

ஒன்றே ஒன்று இருந்தது. அடுப்படி. எவ்வளவு அரிசி உலையில் போடுவது என்பதை முடிவு செய்கிற உரிமை பெண்களுக்கு இருந்தது. 1910-ல் இந்தக் கைப்பிடி அரிசிப் பழக்கம் தொடங்கியபோது அது பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். யாரிடமும் கேட்க வேண்டாம். தன் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு கவளத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

தொடங்கிய மறுவருடமே சோதனை வந்தது. இந்த மலைகளில் 48 வருடங்களுக்கு ஒருமுறை மூங்கில் காடு மொத்தமாகப் பூக்கும். பூத்த மூங்கில் காய்க்கும். காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் எலிப்படை வயலுக்குள் இறங்கும். ஒரே இரவில் விளைச்சல் காலி. 'மௌதாம்' என்று மிசோக்கள் சொல்லும் இந்தப் பஞ்சம் 1911-12-ல் வந்தது; மறுபடி 1959-ல் வந்தது.

1959 பஞ்சத்தில் அரசாங்கம் சரியாக உதவவில்லை என்ற கோபம் பெரிய நெருப்பாக மாறியது. பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்பு, அரசியல் இயக்கமாகி, ஆயுதம் ஏந்தியது. 1966 மார்ச் மாதத்தில் ஐஸ்வால் மீது விமானங்கள் குண்டு வீசின. 1986-ல் சமாதான ஒப்பந்தம், 1987-ல் தனி மாநிலம் என்று அமைதி திரும்ப இருபது வருடங்கள் ஆனது. ஒரு பிடி அரிசியின் அருமை இந்த ஊருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

படியேறும் மூட்டைகள்

டப்பாவில் சேரும் அரிசி அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சபையின் பெண்கள் பொறுப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். குறிப்பிட்ட நாளில் பையோடு வீடு வீடாகப் போய் அரிசியை வாங்கிச் சேர்க்கிறார்கள்.

ஐஸ்வாலைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வேலையின் கஷ்டம் புரியும். சுமார் 3,700 அடி உயரத்தில், மலை முதுகில் தொங்கிக்கொண்டிருக்கிற நகரம் இது. ரோட்டு மட்டத்தில் ஒரு மாடிதான் தெரியும். உள்ளே போனால் அதற்குக் கீழே மூன்று மாடி சரிவில் இறங்கும். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகக் குறுகலான செங்குத்துப் படிக்கட்டுகள். வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும். அரிசிப் பையோடு ஏறுகிறவர்களில் பாட்டிமார்களும் உண்டு. சம்பளம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது.

சேர்ந்த அரிசியைச் சபையாரே விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பணம் தலைமைச் சபைக்குப் போகிறது. கைப்பிடியாகத் தொடங்கியது இன்றைக்கு வருடத்துக்குப் பல கோடி ரூபாய். ஊழியர்களின் சம்பளத்துக்கும் சமூகப் பணிகளுக்கும் இது பயன்படுகிறது. வடக்கே மலை உச்சியில் உள்ள டுர்ட்லாங் மருத்துவமனை 1928-ல் தொடங்கப்பட்டது. இப்படி ஜனங்களின் காணிக்கையில் நிற்கிற சபை நடத்துவதுதான் அதுவும்.

தன்னை முந்தவிடாத குணம்

மிசோக்களிடம் 'த்லோம்ங்கைனா' என்று ஒரு சொல் உண்டு. தமிழில் ஒரே வார்த்தையில் சொல்ல வராது. தன் சுகத்தைப் பின்னால் தள்ளி, அடுத்தவருக்கு முதலில் ஓடுவது. ஓடியதைச் சொல்லிக் காட்டாமல் இருப்பது. இரண்டும் சேர்ந்ததுதான் அது.

1935-ல் தொடங்கிய இளைஞர் சங்கமான ஒய்.எம்.ஏ. இந்தக் குணத்தைத்தான் கொள்கையாக வைத்திருக்கிறது. தெருவில் ஒரு சாவு விழுந்தால், குழி வெட்டுவது அந்தப் பகுதி இளைஞர்கள். இரவு முழுக்க அந்த வீட்டில் உட்கார்ந்து பாடித் துணையிருப்பதும் அவர்கள்தான். காட்டில் ஆள் தொலைந்தால் தேடப் போவதும் அவர்களே.

ஐஸ்வாலிலிருந்து சம்பாய் போகும் சாலையில் செலிங் என்ற ஊர்ப் பக்கம் போனால், ஆளில்லாத காய்கறிக் கடைகளைப் பார்க்கலாம். விலை எழுதிய அட்டை, காய்கள், காசு போட ஒரு டப்பா. அவ்வளவுதான். கடைக்காரர் வயலில் வேலையாக இருப்பார். எடுப்பதை எடுத்துக்கொண்டு, போடுவதைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, எல்லை தாண்டி ஓடி வந்தவர்கள் முப்பதாயிரத்துக்கும் அதிகம். 2023-ல் மணிப்பூர்க் கலவரத்திலிருந்து தப்பி இன்னும் பல ஆயிரம் பேர் வந்தார்கள். மொத்த ஜனத்தொகையே 2011 கணக்கெடுப்பின்படி பதினோரு லட்சத்துக்குள் இருக்கும் மாநிலம் இது. சபைகளும் ஒய்.எம்.ஏ. கிளைகளும் அரிசியும் துணியும் பணமும் சேர்த்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் இனத்தால் உறவுக்காரர்கள் என்பது உண்மை. ஆனால் உறவுக்காரர் என்றாலும் மாதக்கணக்கில் சோறு போடுவது லேசான காரியமா?

கேள்விகளும் உண்டு

எல்லாம் சர்க்கரைப் பொங்கல் என்று சொல்லிவிட முடியாது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில், கொடுக்க மனமில்லாதவர் கொடுக்காமல் இருக்க முடியுமா? அரிசியோடு நிற்பதில்லையே, கட்டட நிதி, மிஷன் நிதி என்று கையேந்தல்கள் பல. தினக்கூலிக் குடும்பத்துக்கு அது பாரமாகாதா?

இன்னொன்றும் உண்டு. இத்தனை கோடியையும் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்தவர்கள் பெண்கள். ஆனால் அவர்களுக்குப் போதகர் பட்டம் தருவதில் மிசோ பிரஸ்பிடேரியன் சபை நெடுங்காலமாகத் தயங்கியே வந்திருக்கிறது. அரிசியை அளந்து போடும் கைக்குப் பிரசங்க மேடையில் எப்போது இடம் என்ற கேள்வி நியாயமானதுதானே?

போகிறவர்கள் கவனத்துக்கு

மிசோரமுக்குள் நுழைய வெளிமாநிலத்தவருக்கு 'இன்னர் லைன் பெர்மிட்' கட்டாயம். விமானத்தில் போனால் லெங்புய் நிலையத்தில் இறங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதையில் வர வேண்டும். 2025 செப்டம்பரில் சாய்ராங் வரைக்கும் ரயிலும் வந்துவிட்டது. அன்று மிஷனரிகள் வந்து இறங்கிய அதே சாய்ராங்தான்! பைராபியிலிருந்து வரும் 51 கிலோமீட்டர்ப் பாதையில் 48 சுரங்கங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அன்று கோயில்களில் மரமுரசு அதிர, நாலு குரலில் சபையே சேர்ந்து பாடுவதை வெளியே நின்றாவது கேட்டுவிட வேண்டும். தெருவில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஹாரன் சத்தம் மட்டும் கேட்காது. நீங்களும் அடிக்கச் சொல்லாதீர்கள்.

ஐஸ்வாலில் இப்போது கேஸ் அடுப்பும் குக்கரும் வந்துவிட்டன. வயலில் விளைந்த அரிசி போய், கடையில் வாங்கிய அரிசி வந்துவிட்டது. வேலைக்குப் போகும் பெண் ஆறு மணிக்கு வீடு திரும்பி, அவசர அவசரமாக அரிசி அளக்கிறார். இருந்தாலும் கழுவுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கிறார். பக்கத்தில் நிற்கும் சின்னப் பெண் டப்பாவின் மூடியைத் திறந்து பிடிக்கிறாள்.

கொடுப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.