நாம் கார் வாங்கப் போன கதை

நமக்கு மோட்டார் வாங்கும் யோகம் உண்டென்று எந்த ஜோசியரும் சொன்னதில்லை. புதுக்கோட்டையில் பையன்களுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு அப்படிப்பட்ட யோகம் சாதாரணமாக வாய்ப்பதும் இல்லை. வயது நாற்பத்தாறு; எம்.ஏ. பட்டம், ஒரு சைக்கிள், ஒரு ஸ்கூட்டர். நமது சொத்துக்களில் நடமாடுகிறவை இவ்வளவுதான். அப்படியிருக்க, சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், பதினேழரை அடி நீளமுள்ள அமெரிக்க மோட்டார் ஒன்றை விலை பேச நாம் புறப்பட்டோம் என்றால், அதற்குக் காரணம் இருக்க வேண்டும் அல்லவா? அதைச் சொல்லிவிடுகிறோம். நேயர்கள் சிரிப்பதானால் கடைசியில் சிரிக்கலாம்.

நம்முடைய தகப்பனார் டிரைவர் உத்தியோகம் பார்த்தவர். திருமயத்துக்கு அப்பால், நகரத்தார் ஊர் ஒன்றில், ஒரு பெரிய வீட்டில், 1967 முதல் 1989 வரை இருபத்திரண்டு வருஷம் ஒரே வண்டியை ஓட்டினார். அது 1960-ஆம் வருஷத்துச் செவர்லே இம்பாலா. பின்புறம் இரண்டு பக்கமும் பறவை சிறகை விரித்தாற் போல இருக்கும். ஒவ்வொரு சிறகின் அடியிலும் மூன்று மூன்றாகச் சிவப்பு விளக்குகள். சுற்று வட்டாரத்தில் அதை யாரும் இம்பாலா என்று சொன்னதில்லை. 'படகுக் கார்' என்றுதான் சொன்னார்கள். கண்மாய்க் கரையில் அது திரும்பும் போது பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

இவ்வளவு பெரிய அமெரிக்க வண்டி இந்த வறண்ட சீமைக்கு எப்படி வந்தது என்று கேட்கலாம். அதுவும் சரித்திரந்தான். வெள்ளைக்காரன் காலத்தில் அமெரிக்க மோட்டார்களுக்கு இங்கே பஞ்சமில்லை. போர்டு கம்பெனியார் 1926-இல் இந்தியாவில் கடை விரித்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928-இல் பம்பாயில் தொழிற்சாலை வைத்து, கப்பலில் வந்த உறுப்புகளைப் பூட்டி முழு வண்டியாக்கி விற்றார்கள். சுதந்திரம் வந்ததும் நம் சர்க்கார் ஒரு கேள்வி கேட்டது: "பூட்டுவது இருக்கட்டும், இங்கேயே செய்வீர்களா?" என்று. செய்ய உத்தேசமில்லாதவர்கள் 1954 வாக்கில் மூட்டை கட்டினார்கள். அன்னிய மோட்டார் இறக்குமதிக்கும் கதவு அடைபட்டது. 1957-இல் நம் நாட்டு அம்பாஸடர் புறப்பட்டது. பிறகு நெடுங்காலம் அமெரிக்க வண்டி வேண்டுமென்றால் முக்கியமான வழி ஒன்றுதான். டில்லியிலுள்ள அன்னிய நாட்டு ஸ்தானிகர் காரியாலயங்களைச் சேர்ந்தவர்கள் தாங்கள் கொண்டு வந்த வண்டியை விட்டுப் போவார்கள். அதை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலம் இங்குள்ள தனவந்தர்கள் வாங்குவார்கள். நம் படகுக் காரும் அவ்விதம் வந்ததுதான். ஆகவே, அந்தப் பெரிய வீட்டு முதலாளி வாங்கியதும் பழைய வண்டியைத்தான்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் இம்பாலா என்பது ராஜாக்களின் வாகனம் அன்று. 1965-இல் அந்நாட்டில் ஒரே வருஷத்தில் பத்து லட்சத்துக்கு மேல் இம்பாலாக்கள் விற்றன. அங்கே நம்மைப் போன்ற வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் வாங்கின வண்டி அது. கடலைத் தாண்டி நம் ஊருக்கு வந்ததும் பட்டத்து யானையாகிவிட்டது.

அந்த யானைக்கு ஒரு குறை. ஸ்டீயரிங் இடது பக்கம். நமது ரஸ்தாவில் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் போகும் லாரியைத் தவிர வேறொன்றும் தெரியாது. எதிரே வண்டி வருகிறதா என்று வலது பக்கத்தில் இருக்கிறவர் பார்த்துச் சொன்னால்தான் முந்த முடியும். முதலாளி வராமல் வண்டி மட்டும் பெட்ரோலுக்கோ பழுதுக்கோ புதுக்கோட்டை போகிற நாட்களில் அந்த உத்தியோகம் நமக்கு. எட்டு வயதில், வலது பக்கத்து முன் ஆசனத்தில், கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "வரலாமா?" என்பார் தகப்பனார். "வரலாம்ப்பா!" என்போம். எட்டு சிலிண்டரும் ஒரு உறுமல் உறுமும். லாரி பின்னால் போய்விடும். வாழ்க்கையில் அதன் பிறகு நமது வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு என்றும் ஏற்பட்டதில்லை.

பின் ஆசனம் வேறு விஷயம். அது முதலாளியும் ஆச்சியும் உட்காரும் இடம். ஒரு நாள் வண்டி கொட்டகையில் நின்றபோது நாம் கதவைத் திறந்து அதில் ஏறி உட்கார்ந்து விட்டோம். மெத்தை நம்மை விழுங்கியது. சாய்ந்து கொண்டு, "டிரைவர், போகலாம்!" என்று சொல்லிப் பார்த்தோம். துணியும் வாளியுமாக வந்த தகப்பனார் கையைப் பிடித்து வெளியே இழுத்து, முதுகில் ஒன்று வைத்தார். அவர் நம்மை அடித்தது அந்த ஒரே முறைதான். அடித்த பிறகு ஆச்சி பார்த்து விட்டார்களா என்று மாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அடி மறந்து போயிற்று. அந்தப் பார்வை மறக்கவில்லை.

1989-இல் முதலாளி காலமானார். வண்டி கொட்டகையில் நின்று போயிற்று. அந்தக் குடும்பத்தின் பர்மாச் செல்வம் யுத்த காலத்திலேயே கரையத் தொடங்கியது. இப்போது பிள்ளைகள் சென்னையிலும் மலேயாவிலுமாக இருக்கிறார்கள். சென்ற சித்திரையில் வீட்டைப் பிரித்துத் தேக்குத் தூண்களை விலைக்குக் கொடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. படகுக் காரும் விலைக்கு உண்டு என்றார்கள். சென்னையிலுள்ள பேரனுக்குப் போன் செய்தோம். ஆறு லட்சம் என்றார். வாத்தியார் என்று தெரிந்ததும் நாலு லட்சத்துக்கு இறங்கினார்.

பாங்கியில் வைப்புத் தொகையாக நாலேகால் லட்சம் இருந்தது. பிளஸ் டூ தேறிய நம் பெண்ணைத் திருச்சியில் கல்லூரியில் சேர்ப்பதற்காகச் சேர்த்த பணம் அது. கல்விக் கடன் கிடைக்கும் என்று நமக்கு நாமே வாதம் செய்து கொண்டோம். தகப்பனாருக்கு எண்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு வருஷம் அவர் துடைத்த பின் ஆசனத்தில் ஒரு நாளாவது அவரை உட்கார வைத்து, கீழராஜ வீதியில் தொடங்கி நான்கு ராஜ வீதிகளையும் சுற்றி வர வேண்டும் என்று ஆசை. நம் சகதர்மிணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"வண்டி மாமாவுக்கா வாங்குறீங்க, உங்களுக்கா?"

இதென்ன கேள்வி என்று நினைத்தோம். பதில் சொல்லவில்லை.

அடுத்தபடியாகச் சட்டத்தை விசாரித்தோம். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-இல் மத்திய சர்க்கார் தனி விதிகள் வகுத்திருக்கிறது. பதிவுக் கட்டணம் இருபதினாயிரம் ரூபாய். எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் உண்டு. ஆனால் அந்த வண்டியைத் தினசரிக் காரியங்களுக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும், பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கும் போகலாம். பழுது பார்க்கவும் பெட்ரோல் போடவும் போகலாம். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடினாலே பெரிது என்கிற வண்டிக்கு இந்தக் கடைசிச் சலுகை மிகவும் பொருத்தம் என்று தோன்றிற்று. பிறகு டேப் வைத்து அளந்தோம். நம் வீடு இருக்கும் சந்தின் அகலம் எட்டடி. வண்டியின் அகலம் ஆறே முக்கால் அடி. உள்ளே கொண்டு வந்துவிடலாம். கதவைத் திறந்து இறங்கத்தான் முடியாது!

இருந்தும் புறப்பட்டோம். ஆசை டேப்புக்கு அடங்குமா?

பஸ்ஸில் தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையில் எதையோ அடிக்கடி தொட்டுப் பார்த்துக் கொண்டார். கொட்டகைக் கதவைக் காவற்காரர் திறந்ததும் அது என்ன என்று தெரிந்தது. ஒரு சிறு காந்தம்.

தூசி மூடிய படகு, காற்றிறங்கிய சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருந்தது. நாம் அதன் சிறகுகளைப் பார்த்து நின்றோம். தகப்பனார் காந்தத்தை எடுத்து, கதவின் அடிப்பாகத்தில் வைத்தார். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. "உள்ளே தகடு இல்லை, பட்டி பூசி வச்சிருக்காங்க" என்றார். முன் பக்கத்துக் கம்பளத்தைத் தூக்கினார், தரை தெரிந்தது, கொட்டகையின் தரை! என்ஜினிலிருந்து எண்ணெய்க் கோலை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது; தண்ணீர் கலந்துவிட்டதற்கு அடையாளம் என்றார். விசிறியைப் பிடித்துத் திருப்பினார், அசையவில்லை. "என்ஜின் பிடிச்சிருச்சு" என்று தம் கையைத் துடைத்துக் கொண்டார். பதிவுப் புத்தகத்தை வாங்கி, அதிலுள்ள எண்ணையும் வண்டியில் வெட்டியிருந்த எண்ணையும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒத்துப் பார்த்தார். எண் சரியாக இருந்தது. பெயர், காலமான முதலாளியின் பெயர். முதலில் வாரிசு பெயருக்கு மாற்றினால்தான் நம் பெயருக்கு மாறும். வாரிசுகள் ஏழு பேர். அவர்களில் மூவர் அக்கரையில்.

"இதை ஓட வைக்க, வாங்குற விலையைப் போல இன்னொரு மடங்கு ஆகும். முன் கண்ணாடி உடைஞ்சா வேற கண்ணாடிக்கு எங்கே போறது?" என்றார். பழைய மோட்டார் வாங்க நினைக்கும் நேயர்களுக்கு இந்தப் பரீட்சைகள் உபயோகப்படும். காந்தத்தின் விலை பத்து ரூபாய். நமக்கு அது நாலு லட்சத்தை மிச்சப்படுத்திற்று.

ஆனாலும் வந்த காரியத்தை முடிக்காமல் போவதற்கு மனம் வரவில்லை. பின் கதவைத் திறந்தோம். கீல் முனகிற்று. மெத்தை கிழிந்து பஞ்சு வெளியே தெரிந்தது.

"ஏறி உட்காருங்கப்பா."

தகப்பனார் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "நானா? எனக்கு எதுக்குடா? இருபத்திரண்டு வருஷம் கண்ணாடியிலே பார்த்த சீட்டு. நீ ஏறு."

நாற்பத்தாறு வயசு, எம்.ஏ. பட்டம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. ஏறி உட்கார்ந்தோம். அவர் முன் கதவைத் திறந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, தூசி படிந்த கண்ணாடியை வேஷ்டி நுனியால் துடைத்துச் சரி செய்தார். அதில் அவர் கண்கள் தெரிந்தன.

"அன்னிக்கு அடிச்சேனே, ஞாபகம் இருக்கா?"

"இல்லைப்பா" என்றோம்.

"பொய் சொல்றே" என்றார். சற்று நேரம் அப்படியே இருந்தோம். காவற்காரர் வாசற்படியில் நின்று எங்களைப் பார்த்துக் கொண்டிருந்தார். தகப்பனார் மாடிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி, இறங்கு. மூணு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது அஞ்சரைக்குத்தான்."

புறப்படும்போது காவற்காரரிடம், "எடைக்குப் போட்டுடாதீங்க. வசதியுள்ளவங்க யாராவது வந்தா கொடுங்க. இதைச் சரி பண்றதுக்குப் பொறுமையும் வேணும், பணமும் வேணும்" என்று சொன்னார். காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டார்.

பஸ்ஸில் நமது சகதர்மிணியின் கேள்வி ஞாபகம் வந்தது. தகப்பனாரைப் பின் ஆசனத்தில் உட்கார வைக்கப் போவதாகத்தான் நாம் நம்மிடமே சொல்லிக் கொண்டிருந்தோம். உண்மையில் அதில் உட்கார விரும்பியது எட்டு வயதுப் பையன். அவனுக்காகப் பெண்ணின் படிப்புப் பணத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தோம். தகப்பனாரோ, தாம் ஓட்டிய காலத்தை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. கிழவருக்கு உறுத்திக் கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. அதையும் அன்று தீர்த்துக் கொண்டார்.

சகதர்மிணியிடம் உண்மையைச் சொன்னோம். "அதான் எனக்கு அன்னிக்கே தெரியுமே" என்று காபி கொடுத்தாள். ஆனி மாதம் பெண்ணைத் திருச்சிக் கல்லூரியில் சேர்த்தோம். அவளைக் கொண்டு விடுவதற்கு வாடகைக் கார் பேசினோம். மூட்டை முடிச்சுகளுடன் நாமும் சகதர்மிணியும் பெண்ணும் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். முன்னால், டிரைவரின் பக்கத்தில், தகப்பனார்.

கீரனூர் தாண்டியதும் எதிரே ஒரு லாரி நகர்ந்து கொண்டிருந்தது. இந்த வண்டிக்கு ஸ்டீயரிங் வலது பக்கந்தான். யாருடைய யோசனையும் தேவையில்லை. இருந்தாலும் தகப்பனார் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு டிரைவரிடம் சொன்னார்:

"வரலாம் தம்பி."