ஜன்னத்துல் அரீஃபின் வாய்க்கால்

ஸ்பெயினின் கிரானடா நகரில், அல்ஹம்ரா கோட்டைக்கு அருகே மலைச்சரிவில் அமைந்திருக்கிறது ஜன்னத்துல் அரீஃப் என்னும் தோட்ட மாளிகை. ஸ்பானியர் நாவில் அப்பெயர் ‘ஹெனரலிஃபே’ என மருவிவிட்டது. நஸ்ரீ சுல்தான்கள் அரசவைச் சுமையிலிருந்து விலகி ஓய்வெடுக்கச் சென்ற இல்லம் அது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அதனை, 1319இல் சுல்தான் முதலாம் இஸ்மாயீல் புதுப்பித்தார்.

அந்தலுஸ் வரலாற்றைப் பாடமாக நடத்தும்போதெல்லாம், “ஹஜ்ரத், இவையெல்லாம் நம்முடையவையாக இருந்தனவே, ஏன் பறிபோயின?” என்று மாணவர்கள் கேட்பார்கள். 1492 ஜனவரி 2 அன்று கிரானடா கைமாறியதைச் சொல்கையில் அவர்களின் முகம் வாடிவிடும். அந்த ஏக்கம் இயல்பானதே. எனினும், இழந்ததை எண்ணிப் பெருமூச்சு விடுவதோடு பாடம் முடிந்துவிடக் கூடாது. அங்கே எஞ்சியிருப்பதையும் அவர்கள் அறிய வேண்டும்.

தாரோ ஆற்றின் நீரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில் திருப்பி, மலையோரமாக வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். மாளிகை முற்றத்தின் நடுவே நீர் ஓடியது. படிக்கட்டின் கைப்பிடிச் சுவர்மீதும் ஓடியது. படங்களில் நாம் காணும் உயர்ந்த நீர்த்தாரைகள் பிற்காலச் சேர்க்கை. மாளிகையின் கீழேயுள்ள காய்கறித் தோட்டங்களில் இன்றும் பயிர் விளைகிறது. வாய்க்காலுக்கு ஸ்பானியர் வழங்கும் ‘அசேகியா’ என்ற சொல், ‘ஸாகியா’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததாகும்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். உண்பவர் எந்த மார்க்கத்தவர், நிலம் இப்போது யார் பெயரில் உள்ளது என்ற நிபந்தனை ஏதும் அதில் இல்லை. அந்த வாய்க்காலை வெட்டியவர்களின் பெயர்களை நாம் அறியோம், அல்லாஹ் அறிவான்.

அந்தலுஸைப் பற்றிப் பெருமை பேசும் நாம், நமது உளூக் குழாய்களின் அருகே சற்று நின்று பார்ப்போமாக. நபி (ஸல்) அவர்கள் இரு கைகள் கொள்ளும் அளவான ஒரு ‘முத்’து நீரில் உளூச் செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம்; அந்த நீர் சாக்கடையில் கலக்கிறது. அதைச் சில வாழைகளுக்காவது திருப்பிவிட ஒரு சிறு வாய்க்கால் போதும். அந்த வேலையை மாணவர்களின் கையிலேயே கொடுக்கலாம்.

அதற்கான தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.