போன வருஷத்து மட்டை

நிலம் வாங்குகிறவன்கூட மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு நான்காவது தடவை பத்திரம் எழுதிவிடுகிறான். நான் ஒரு கிரிக்கெட் மட்டை வாங்குவதற்கு ஒன்றரை மாதம் யோசனை செய்தேன். பங்குனித் திருவிழாவில் மதுர காளியம்மனின் தேரையே தோளில் சுமந்து வருகிற ஊர் எங்கள் தொட்டியம். அப்படிப்பட்ட ஊரில், ஒரு கிலோ எடையுள்ள மரத்துண்டைப் பற்றி இவ்வளவு தூரம் மண்டையை உடைத்துக் கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மட்டை எனக்கல்ல, பதினான்கு வயதான என் குமாரனுக்கு. முழுப் பரீட்சை விடுமுறையில் அவனை அழைத்துக்கொண்டு முசிறி வழியாகத் திருச்சிக்குப் போனேன். மலைக்கோட்டைக்கு அருகே ஒரு கடை. அங்கே இந்த வருஷத்து மாடல் ஒன்றைப் பையன் கையில் எடுத்துப் பார்த்தான். விலை ரூ. 2,900. அதே கம்பெனியின் போன வருஷத்து மாடல் சுவரில் உயரத்தில் தொங்கிக் கொண்டிருந்தது. அதன் கீழே ரூ. 1,900 என்று எழுதிய அட்டை. என் கண் அந்த அட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. "யோசித்துச் சொல்கிறேன்" என்று கூறிவிட்டுப் பையனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆயிரம் ரூபாய் வித்தியாசம் உபாத்தியாயர் வீட்டில் சாமான்யமான வித்தியாசமல்ல. ஆனாலும் என்னை உறுத்தியது பணம் மாத்திரமல்ல. அதற்கு மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு சம்பவத்தை நேயர்களிடம் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

பையனுக்கு அப்போது பதினொரு வயது. அவன் உயரத்துக்கு நாலாம் நம்பர் மட்டை போதும். நான் முழு அளவு மட்டையாக வாங்கிக் கொடுத்தேன். "வளருகிற பிள்ளைதானே!" என்பது என் வாதம். தீபாவளிக்குச் சட்டை தைக்கும்போது இரண்டங்குலம் தாராளமாக விடுகிறோம் அல்லவா? அந்தச் சாஸ்திரத்தையே மட்டைக்கும் பிரயோகித்தேன். ஒன்றேகால் கிலோ எடை. பையனின் இடுப்புக்கு மேலே நின்றது. சட்டை தொளதொளவென்று இருந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். மட்டை பெரிதாக இருந்தால் ஆட்டமே கெட்டுவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை. இத்தனைக்கும் நான் பௌதிக சாஸ்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன். கைப்பிடியிலிருந்து எடை எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறதோ, அவ்வளவுக்கு அதைச் சுழற்றுவது கடினம் என்று வருஷந்தோறும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாக்பீஸை ஆட்டிக் காட்டுகிறவன்!

பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பாரத்தை இரண்டு கையாலும் வாரித் தூக்கி, குறுக்கே வீசிப் பழகிக்கொண்டான். நேராக ஆடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு நேராக ஆடுவது மறந்தே போயிற்று. இரண்டு வருஷம் பள்ளிக்கூட அணியில் அவனுக்கு இடமில்லை. நானோ படிப்பில் கவனம் செல்கிறது என்று உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தேன். எங்கள் டிரில் மாஸ்டர்தான் ஒருநாள் மெதுவாக, "சார், பையனிடம் குறையில்லை, மட்டையில்தான்" என்றார். அந்த மட்டையும் வெகு நாள் உழைக்கவில்லை. புது மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவி, பழைய பந்தைக் கொண்டு பல மணி நேரம் தட்டித் தட்டிப் பதப்படுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நுனியில் விரிசல் கண்டு, இப்போது கொல்லைப்புறத்தில் போர்வை துவைக்கப் பயன்படுகிறது.

ஆகவே இந்தத் தடவை சிக்கனம் என்ற பெயரில் மறுபடியும் பிள்ளைக்குத் துரோகம் செய்துவிடுவேனோ என்று பயமாயிருந்தது. கோயமுத்தூரில் இருக்கும் என் மைத்துனரிடம் டெலிபோனில் யோசனை கேட்டேன். அவர் மில்லில் பெரிய உத்தியோகம் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் ஆடுகிறவர். கோல்ஃபில் முதலடிக்கு எடுக்கும் நீண்ட மட்டைக்கு 'டிரைவர்' என்று பெயர். அதன் விலையில் எங்கள் பள்ளிக்கூட அணி பதினொருவருக்கும் மட்டை வாங்கிவிடலாம்.

"மாப்பிள்ளை, போன வருஷத்து மாடலையே வாங்கும். நானும் அப்படித்தான் செய்கிறேன்" என்றார் அவர். காரணமும் சொன்னார். 1991-இல் 'பிக் பெர்த்தா' என்ற டிரைவர் வந்தபோது அதன் தலை 190 கன சென்டிமீட்டர். அதையே ஜனங்கள் பூசணிக்காய் என்று பார்த்தார்களாம். பிறகு வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே போயிற்று. பழையதை வாங்கியவன் அப்போது நிஜமாகவே பின்தங்கினான். கடைசியில் 2004-இல், 460 கன சென்டிமீட்டருக்கு மேல் தலை இருக்கலாகாது என்று விதி வைத்தார்கள். மோதிய பந்து துள்ளித் திரும்பும் வேகத்துக்கும் ஓர் எல்லை கட்டிவிட்டார்கள். "எல்லாரும் அந்தக் கூரையில் தலை இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இனிமேல் புதிது என்பது பெரும்பாலும் பெயிண்டுதான்!" என்று சிரித்தார்.

கிரிக்கெட்டிலும் இந்தக் கதைதான் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். 1771-இல் ஒயிட் என்ற ஆங்கிலேயர் விக்கெட் முழுவதையும் மறைக்கிற அகலத்தில் மட்டை கொண்டுவந்தார். அதன் விளைவாகப் பிறந்த நாலேகால் அங்குல அகல விதி இன்றுவரை மாறவில்லை. 1979-இல் பெர்த் நகரில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு வந்து நின்றார். அதன் பிறகு, மட்டையின் முகம் மரத்தால்தான் ஆகவேண்டும் என்று விதியில் ஏறிற்று. அகலத்தில் வளர முடியாத மட்டை கனத்தில் வளர்ந்தது. 2017 அக்டோபரில் அதற்கும் தடை வந்தது: விளிம்பு 4 சென்டிமீட்டர், நடுவயிறு 6.7 சென்டிமீட்டர், அதற்கு மேல் கூடாது.

இன்னொரு விஷயமும் உண்டு. டிரைவர் ஆலையில் அச்சுப் போல் ஒன்றையொன்று ஒத்துப் பிறக்கிறது. மட்டை மரம். காஷ்மீரத்தில் அனந்தநாக் பக்கத்தில் அறுக்கிற வில்லோவாகட்டும், இங்கிலாந்திலிருந்து வருகிற வில்லோவாகட்டும், ஒரு துண்டைப் போல் மற்றொரு துண்டு இராது. ஒரே தாரில் பழுத்த இரண்டு பூவன் பழமே ஒரே ருசியாக இருப்பதில்லை என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். மாடல் என்பது மட்டையின் வடிவத்தைச் சொல்லுமே தவிர, மரத்தின் குணத்தைச் சொல்லாது. நல்ல இடத்தில் வைத்திருந்தால் ஒரு வருஷத்தில் அது கெட்டும் போகாது.

இவ்வளவையும் சாப்பாட்டு வேளையில் வீட்டாருக்கு ஒரு பிரசங்கமாகவே செய்தேன். முடித்ததும் பையன் தலை நிமிராமல், "பழையதே போதும், அப்பா" என்றான்.

வாதத்தில் ஜயித்தவனுக்குச் சந்தோஷம் அல்லவா உண்டாக வேண்டும்? எனக்கு மோர் சாதம் தொண்டையில் இறங்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னாலும் அவன் இதே குரலில்தான், "இதே போதும், அப்பா" என்று சொன்னான்.

மறுபடியும் திருச்சிக்குப் போனோம். கடைக்காரர் ஏணி வைத்துப் போன வருஷத்து மட்டையை இறக்கிக் கொடுத்தார். பையன் அதை வாங்கித் தரையில் ஊன்றி நின்றான். முழு அளவு! ஆறாம் நம்பருக்கும் முழு அளவுக்கும் நடுவே 'ஹாரோ' என்று ஓர் அளவு உண்டு. அவன் உயரத்துக்கு அதுதான் சரி. அந்த அளவில் பழைய மாடல் ஒன்றுகூட இல்லை. யாருக்கும் பொருந்தும் அளவுகள் வருஷ முடிவுக்குள் விற்றுப் போய்விடுகின்றன. மிஞ்சுகிறவைதான் சுவரில் ஏறி, விலை குறைந்து தொங்குகின்றன. மைத்துனரின் கணக்கில் தவறில்லை. என் பௌதிகத்திலும் தவறில்லை. முதல் நாளே நான் விலையைப் பார்த்தேனே தவிர அளவைப் பார்க்கவில்லை.

"அதனாலென்ன சார், வளருகிற பிள்ளைதானே! இரண்டு வருஷத்தில் சரியாகிவிடும். வேண்டுமானால் இன்னும் நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார் கடைக்காரர்.

என் வாக்கியத்தை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது காது கூசிற்று. புது மாடல் ஹாரோ மட்டைகள் நான்கு இருந்தன. பையனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். மூன்றாவதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டான். ஒரு பந்தை அதன் மேல் போட்டுப் பார்த்தோம். மற்றவற்றைவிடத் தெளிவான சப்தம். மட்டையின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ரூ. 2,900 கொடுத்தேன். அதில் ஆயிரம் என் மூக்குக் கண்ணாடிக்குப் புதுச் சட்டம் போடுவதற்காக எடுத்து வைத்தது. பழைய சட்டத்தை நூலால் கட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்து நன்றாகத்தான் தெரிகிறது.

ஆளிவிதை எண்ணெய் தடவியாயிற்று. பழைய பந்தைக் காலுறைக்குள் போட்டுக் கட்டி, தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நானும் அவனும் முறைவைத்துத் தட்டுகிறோம். "என்ன வாத்தியாரே, வீட்டில் அவல் இடிக்கிறீர்களா?" என்று எதிர்வீட்டுப் பாட்டி நேற்றுக் கேட்டாள். இன்னும் இரண்டு மணி நேரம் தட்ட வேண்டும் என்கிறான் பையன்.