சித்தூர்–திருப்பதி சாலைக்கு ஒரு படம்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். அந்தச் சாலையைப் பற்றிய ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு படம் வேண்டும், அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். புகைப்படக்காரத் தம்பி வெவ்வேறு பருவங்களில் எடுத்து வைத்திருந்த படங்களைச் சின்னச் சின்ன பிரிண்டுகளாகப் போட்டு ஒரு உறையில் எடுத்துக்கொண்டோம். எடுத்த இடத்துக்கே படத்தைக் கொண்டுபோய், கையில் பிடித்து எதிரே இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு. மேசையில் உட்கார்ந்து பார்த்தால் அழகான படம்தான் ஜெயிக்கும். இடத்தில் நின்று பார்த்தால் பொய் சொல்லும் படம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

சித்தூரை விட்டு வடக்கே போனால் பூதலப்பட்டு. கடப்பா, கர்னூல் போகிற சாலை அங்கே பிரிந்துவிட, நமக்கு 140-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொடங்குகிறது. பழைய கணக்கில் இது 18ஏ. காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வரும் வேன்களும், காட்பாடிப் பக்கத்திலிருந்து மலைக்குப் போகும் கார்களும் இதில்தான் சேர்கின்றன.

முதலில் உறையிலிருந்து எடுத்தது டிரோன் படம். மேலிருந்து பார்க்கச் சாலை வளைந்து வளைந்து போகிறது, இரண்டு பக்கமும் பச்சை. பார்த்த எல்லாருக்கும் பிடித்த படம் அது. பூதலப்பட்டைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தோம். "அண்ணே, கிருஷ்ணகிரிப் பக்கம் எடுத்ததுன்னு சொன்னாலும் நம்பிடுவாங்க" என்று தம்பியே சொல்லிவிட்டார். அந்த உயரத்திலிருந்து குன்றெல்லாம் தட்டையாகிவிடுகிறது. இந்த வழியில் போகிற யாரும் சாலையை அப்படிப் பார்ப்பதில்லை. அந்தப் படத்தை ஒதுக்கினோம்.

நடுக்கோட்டில் நின்று, தூரத்தில் சாலை ஒரு புள்ளியாக மறைவதுபோல் எடுத்த படமும் இருந்தது. அமெரிக்காவில் டோரதியா லாங்கே 1938-இல் எடுத்ததும், ராபர்ட் ஃபிராங்க் 1955-இல் நியூ மெக்சிகோவில் எடுத்ததும் அந்த வகைதான். ஆளரவமில்லாத வெட்டவெளிக்கு அது பொருந்தும். நம் ஊர்ச் சாலையில் நூறு அடிக்கு ஒரு ஆள் இருக்கிறான், அவனை விட்டுவிட்டு எடுத்தால் அது நம் சாலை ஆகாது. ரகுபீர் சிங் அதைப் புரிந்துகொண்டவர். அம்பாசிடர் காரின் கதவையும் கண்ணாடியையுமே சட்டமாக்கி இந்தியாவைப் படமெடுத்தார். வெளியே நடந்துபோகும் ஆளும் காருக்குள் இருக்கும் ஆளும் ஒரே படத்துக்குள் வந்துவிடுவார்கள். 1999-இல் அவர் மறைந்த பிறகுதான் அந்தத் தொகுப்பு புத்தகமாக வந்தது. நெடுஞ்சாலையைப் படமெடுக்க நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய புத்தகம் என்பது என் எண்ணம்.

பாகாலாவை நெருங்கும்போது இரண்டு பக்கமும் கருங்கல் குன்றுகள். யாரோ அடுக்கி வைத்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டைப் பாறைகள். அடிவாரத்தில் மாந்தோப்பு. இங்கே மா என்றால் பெரும்பாலும் தோத்தாபுரி, நாம் கிளிமூக்கு என்கிறோமே அதுதான். அப்படியே சாப்பிடுவதைவிடக் கூழ் ஆலைக்குப் போவதே அதிகம். 2025 ஆனியில் தம்பி எடுத்த ஒரு படம் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கின்றன. காய்க் குவியலின்மேல் ஒருவர் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். அவர் உள்ளங்காலில் மாம்பால் பட்ட கறுப்புத் தெரிகிறது. அந்த ஆண்டு விலை சரிந்துபோய், மாநில அரசு கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் அறிவிக்க வேண்டிவந்தது. வலுவான படம். ஆனால் அது அந்த ஆண்டைச் சொல்கிறது, விவசாயியின் பாட்டைச் சொல்கிறது. பின்னால் குன்றோ சாலையோ இல்லை. அதை ஒதுக்கி வைப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் படத்துக்குத் தனியாக ஒரு கட்டுரையே எழுத வேண்டும்.

சந்திரகிரிக்குச் சற்று முன்னால்தான் விஷயம் இருக்கிறது. அதுவரை உருண்டைக் குன்றாகவே வந்துகொண்டிருந்த நிலம், வடக்கே திடீரென்று ஒரு நெடுஞ்சுவராக எழும்புகிறது. உச்சி தட்டை, முகப்பு செங்குத்து, நிறம் செம்மஞ்சள். திருமலை அது. கீழே இருக்கும் கருங்கல்லின் வயது 250 கோடி ஆண்டுகளுக்கு மேல். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் குவார்ட்சைட் பாறைக்கு ஏறக்குறைய 160 கோடி. நடுவே எண்பது, தொண்ணூறு கோடி ஆண்டுகளின் தடயமே இல்லை. மலைப்பாதையில் இரண்டும் ஒட்டும் அந்த இடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அப்படியானால் இந்தச் சாலைக்கு அடையாளம் என்று ஒரு படம் இருந்தால், இரண்டு கல்லும் அதில் இருக்க வேண்டும். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

அதில் ஒரு சிக்கலைத் தம்பி காட்டினார். மலையின் முகப்பு தெற்குப் பார்த்தது. மாங்காய் அறுக்கும் ஆனி மாதத்தில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், உச்சிவெயிலிலும் முகப்பில் நேர்வெளிச்சம் விழாது, பாறை மங்கிக் கிடக்கும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே வந்துவிடுவதால் காலையிலிருந்து சாயங்காலம்வரை அதே பாறை பளிச்சென்று இருக்கும். ஆனால் அப்போது மரத்தில் காய் இல்லை, பூ மட்டும்தான். காயும் வேண்டும், கல்லும் வேண்டும் என்றால் இரண்டு படத்தை ஒட்டத்தான் முடியும். அதை நாங்கள் செய்வதாக இல்லை. தை மாதத்துப் படத்தையே எடுத்துக்கொண்டோம்.

சர்வீஸ் ரோட்டில் நின்று, கண்மட்டத்தில் எடுத்த படம். இடது ஓரத்தில் கருங்கல் குன்று, அதன் காலடியில் பூத்த மாமரங்கள், பின்னால் திருமலைச் சுவர். நடுவில் ஆரஞ்சுச் சட்டை மாட்டிய மூன்று பெண்கள் சென்டர் மீடியனில் அரளியைக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள். தம்பி எடுப்பதற்கு முன்பே அவர்களிடம் கேட்டிருக்கிறார். இப்போது அதே இடத்தில் அவர்களில் ஒருவர் இருந்தார். பிரிண்டை நீட்டினோம். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். "மலை நல்லா வந்திருக்குது சார். எங்க மூஞ்சிதான் வெயில்ல கறுத்துப் போச்சு" என்றார். இதைப் போடட்டுமா என்று கேட்டேன். "போடுங்க, எனக்கு ஒண்ணு குடுங்க" என்றார். அந்த பிரிண்டை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

லே-அவுட் போடும்போது, வானத்தில் குறுக்கே ஓடும் மின்கம்பிகளை அழித்துவிடலாமா என்று கேட்டார்கள். கூடாது என்றேன். கம்பியை அழிப்பவர்கள் அடுத்து விளம்பரப் பலகையை அழிப்பார்கள், பிறகு அந்தப் பெண்களின் ஆரஞ்சு நிறம் கண்ணை உறுத்துகிறது என்பார்கள். வெளிச்சத்தைக் கொஞ்சம் சரிசெய்யலாம், இருப்பதை இல்லாமலாக்கக் கூடாது.

அன்று மாலை திருப்பதியில் ஒரு பழைய ஸ்டூடியோவுக்குப் போனோம். பெரியவர் நன்றாகத் தமிழ் பேசினார். மொட்டை போட்ட குடும்பங்களை மலை பின்னால் தெரிய நிறுத்தி எடுத்தே வாழ்ந்தவர். "மலை தெரியலேன்னா பணம் குடுக்கமாட்டாங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். சந்திரகிரிப் பக்கத்துச் சாலையின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. ஒற்றைத் தார் ரோடு, இருபுறமும் புளிய மரங்கள் கைகோத்து நிற்கின்றன, நிழலில் ஒரு மாட்டு வண்டி. நாங்கள் தேர்ந்தெடுத்த அதே மலைச் சுவர் பின்னால். அந்த மரங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. அது எந்த வருஷம் என்று கேட்டோம். அவருக்கே நினைவில்லை, பின்பக்கத்திலும் எழுதவில்லை. அதனால்தான் எங்கள் படத்தின் கீழே ஊர், பார்க்கும் திசை, மாதம், ஆண்டு நான்கையும் அச்சிடச் சொன்னோம்.

இந்தச் சாலையில் குடும்பத்தோடு போனபோது எடுத்த பழைய படங்கள் உங்கள் வீட்டிலும் இருக்கும். உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அது எந்த இடம், எந்த வருஷம் என்று நினைவிருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.