முட்டி வலிக்கு ஊசி கேட்டு வந்தவர் கையில் இருந்த கடிகாரம்

கொஞ்சம் நீளமான த்ரெட். கடல்ல இறங்குற சொந்தபந்தம் யாராவது இருந்தா அவங்களுக்கும் காட்டுங்க.

புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறேன். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கமிருந்து நிறைய மீனவர்கள் வருவாங்க. பாக் விரிகுடா ஆழம் குறைவு. இங்க தொழில் படகும் வலையும்தான். அதனால ஒரு நைட் ட்யூட்டில முப்பது வயசுக்காரர் ஒருத்தர் "தோளும் முட்டியும் உயிர் போகுது சார், ஒரு ஊசி போடுங்க"ன்னு வந்தப்ப, நானும் டைக்ளோஃபினாக் எழுதிட்டேன்.

சீட்டை வாங்கிட்டு நடந்தார். ஒரு கால் இழுத்துச்சு. திரும்பக் கூப்பிட்டு என்ன வேலைன்னு கேட்டேன்.

"தூத்துக்குடில சங்கு குளிக்கிறேன் சார். மதியம் கரையேறி பஸ் புடிச்சு ஊருக்கு வந்தேன்."

மதியத்துலேர்ந்து ஒன்னுக்கும் போகலையாம். முதல் வருஷ பிசியாலஜியில அஞ்சு மார்க்குக்குப் படிச்ச கெய்சான் டிசீஸ் அப்பதான் ஞாபகம் வந்தது. இந்தக் கேள்வியை முதல்லயே கேட்டிருக்கணும்.

படகுல இருக்கிற கம்ப்ரஸர்லேர்ந்து ஓஸ் வழியா வர்ற காத்தை சுவாசிச்சுக்கிட்டே அடியில சங்கு தேடுவாங்க. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு மடங்கு கூடும். அந்த அழுத்தத்துல நைட்ரஜன் உடம்புல கரையும். சட்டுன்னு மேல வந்தா சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் கிளம்பும். மூட்டுல வந்தா வலி, தண்டுவடத்துல வந்தா வாதம்.

ஹால்டேன் இதை ஆடுகளை வெச்சு சோதிச்சு, 'நடுவுல நின்னு நின்னு ஏறு'ன்னு 1908-லயே அட்டவணை போட்டுக் குடுத்துட்டார். ரத்தத்துல நைட்ரஜன் சீக்கிரம் ஏறி சீக்கிரம் இறங்கும், மத்த சில திசுக்கள்ல ரொம்ப மெதுவா. இந்தக் கணக்கை ஆழத்தையும் நேரத்தையும் வெச்சுத் தண்ணிக்குள்ளயே விடாம போடுறதுதான் டைவ் கம்ப்யூட்டர். இந்த ஆழத்துல இன்னும் எத்தனை நிமிஷம் இருந்தா நிக்காம மேல வரலாம்னு காட்டும். அதைத் தாண்டிட்டா, எந்த ஆழத்துல எத்தனை நிமிஷம் நிக்கணும்னு சொல்லும். அது முடியுற வரைக்கும் அதுக்கு மேல ஏறக்கூடாது. நிக்கத் தேவையில்லன்னு காட்டினாலும் 5 மீட்டர்ல 3 நிமிஷம் நிக்கிறது நல்ல பழக்கம்.

இவர்கிட்ட அது இல்லாம இல்ல. கையிலயே கட்டியிருந்தார்! வெளிநாட்டுல இருக்கிற மச்சான் குடுத்ததாம். படகுல மூணு பேருக்கும் அது ஒன்னுதான்.

"நிக்கச் சொல்லவே இல்ல சார். நேரம் நிறைய இருக்குன்னுதான் காட்டுச்சு."

காலையில எத்தனை தடவை இறங்கினீங்கன்னேன். ரெண்டு தடவை. அப்ப கடிகாரம் பையில. பேட்டரி தீந்துரும்னு ஆழமான இடத்துக்கு மட்டும்தான் கட்டுவாங்களாம்.

கடிகாரம் பொய் சொல்லல. அதுக்கு அதுதான் அன்னைக்கு முதல் முக்குளிப்பு. காலையில ரெண்டு தடவை சேர்ந்த நைட்ரஜன் இவர் உடம்புல இருந்துச்சு, கடிகாரத்துல இல்ல. அதனாலதான் முதல் இறக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே ஆள் கையிலயே இருக்கணும்னு சொல்றது. கூடவே இறங்கினவன் கையில இருக்கேன்னு அதை நம்பி ஏறவும் கூடாது. அவன் போன ஆழம் வேற, நேரம் வேற.

படுக்க வெச்சு, மாஸ்க்ல அதிக ஃப்ளோ ஆக்சிஜன், ட்ரிப், கதீட்டர். வலி கொஞ்சம் குறைஞ்சதும் "வீட்டுக்குப் போகட்டா"ன்னு கேட்டார். அதுதான் எனக்கு பயம். ஆக்சிஜன்ல வலி குறைஞ்சா குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. மறுபடி அழுத்தம் குடுக்குற ஹைபர்பேரிக் சேம்பர் இருக்கிற இடத்துக்குப் போயே ஆகணும். நான் வெறும் எம்பிபிஎஸ், இதுக்கு முன்னாடி இந்த கேஸ் பார்த்ததில்ல. நாலஞ்சு சீனியர்களை எழுப்பிக் கேட்டு, விடியறதுக்குள்ள சென்னைக்கு ரோட்டுலயே ஆக்சிஜனோட அனுப்பினோம்.

ரெண்டு மாசம் கழிச்சு வந்தார். நடக்கிறார், இடது பாதம் மட்டும் கொஞ்சம் தட்டுது. இனி கடல்ல இறங்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. தம்பி இறங்குறானாம், கடிகாரம் இப்ப அவன்கிட்ட. "காலையில படகு கிளம்பும்போதே கட்டிட்டியாடான்னு தினமும் போன் போட்டுக் கேக்குறேன் சார்"னார்.