பட்டையின் கனம்

மலாக்கா நகரின் பழைய வீதிகளுள் சில, அங்கே முன்பு தொழில் செய்தவர்களின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன. தட்டார் வீதியாகிய ஜாலான் துக்காங் எமாஸும் கொல்லர் வீதியாகிய ஜாலான் துக்காங் பெசியும் அத்தகையவை. தட்டார் வீதியில் 1781ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயத்தில் வழிபட்டுவிட்டு, அன்று காலை ஜாசின் வட்டாரத்துக்குப் பிரயாணமானேன். மின்சார பேஸ் கித்தாரை, வாசிப்பவரின் விரலளவுக்கு ஏற்றவாறு, தம் கையாலேயே செய்து கொடுக்கிற தமிழர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று நண்பர் ஒருவர் நெடுநாளாகச் சொல்லிவந்தார். கைத்தொழில் காணச் செல்பவனுக்கு அந்த வீதியைவிடத் தகுந்த புறப்பாடு வேறில்லை என்று எனக்குத் தோன்றிற்று.

வழிநெடுக இருபுறமும் செம்பனைதான். என் இளமையில் இதே சாலையில் பால்மரங்கள் நிரை நிரையாக நிற்கக் கண்டிருக்கிறேன். மலாயாவில் ரப்பரை வியாபாரப் பயிராக முதன்முதல் நட்டவர்களுள் ஒருவராகிய டான் சாய் யான், 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிப் பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டமாக விரித்ததெல்லாம் இந்த மாநிலத்து மண்ணில்தான். அந்த மரங்களை நம்பியே நம் முன்னோர் பல்லாயிரவர் கடல் கடந்தனர். அவை வெட்டப்பட்டுச் செம்பனை வந்தபோது, அவர்களுடைய பிள்ளைகள் பலர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமான்களாகிய குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தனர்.

நான் தேடிச் சென்ற பட்டறையும் அத்தகைய ஒரு தாமானில், வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் இருந்தது. "வாங்கய்யா, உள்ளே தூசியா இருக்கும், பரவாயில்லையா?" என்று வரவேற்ற அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பழுதுபார்ப்பது பகல் வேலை, கித்தார் செய்வது மாலையிலும் ஓய்வு நாட்களிலும். வரிசை வீடுகளைச் சுட்டும் லயம் என்ற சொல்லுக்கும் சங்கீதத்தில் நாம் சொல்லும் லயத்துக்கும் மூலம் வேறு வேறு. ஆயினும் லயத்தில் பிறந்தவர் ஒருவர் லயத்துக்கு ஆதாரமாகிய வாத்தியத்தைச் செய்துகொண்டிருப்பதைக் கண்டபின், அவ்விரு சொற்களையும் மனத்தில் பிரித்து வைக்க என்னால் இயலவில்லை.

இந்த வாத்தியத்தின் மேல் அவருக்குப் பற்று உண்டானது தோட்டத்து வானொலியால். 1976இல் 'அன்னக்கிளி' வாயிலாகத் திரையுலகில் அடியெடுத்து வைத்த இளையராஜாவின் பாடல்களில், பாட்டின் அடியிலே தனக்கென ஒரு வழி வகுத்துக்கொண்டு நடந்து செல்லும் பேஸ் நாதத்தை, அது எந்த வாத்தியத்தின் ஒலி என்று அறியாமலேயே சிறுவயதில் பின்தொடர்ந்தாராம். பின்னர்த் தோட்டத்துத் திருவிழாக்களில் பாடவந்த இன்னிசைக் குழுக்களில் அவ்வாத்தியத்தைக் கண்ணால் கண்டார். பினாங்கிலிருந்து எழுந்த அல்லிகேட்ஸ் குழுவின் ஆறுமுகம் சகோதரர்கள், மேடையேறிப் பெயர் பெறுவது நம்மவர்க்கும் கூடும் என்று காட்டியிருந்த காலம் அது.

அன்று பலகைமேல் கிடந்தது, அலோர் காஜாவிலுள்ள ஓர் இளம்பெண்ணுக்காகச் செய்யப்படுவது. அமெரிக்காவில் லியோ ஃபென்டர் 1951இல் வெளியிட்ட பேஸ் கித்தாரில் தந்தியின் அதிர்வு நீளம் 34 அங்குலம். உலகம் பெரும்பாலும் அந்த அளவையே இன்றும் பின்பற்றுகிறது. இப்பெண்ணின் விரல்கள் சிறியவை. ஆகவே அவள் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து, விரல் விரியும் தூரத்தை அளந்து, 32 அங்குலம் என்று இவர் முடிவு செய்திருந்தார். நீளத்தைக் குறைத்துவிட்டால் காரியம் முடிந்துவிடாது. அதே சுருதியில் நிற்கும் அதே தந்தியின் இழுவை பத்தில் ஒரு பங்குக்கு மேல் தளர்ந்துவிடும், தளர்ந்த தந்தி கழுத்தில் பதித்த உலோக மெட்டில் மோதிச் சலசலக்கும். அதற்கு ஈடாகச் சற்றுக் கனமான தந்தி வேண்டும். தந்தி கனத்தால் அதைத் தாங்கும் குதிரையின் உயரமும் மாறும். ஓர் அளவைத் தொட்டால் எல்லா அளவுகளும் எழுந்து நியாயம் கேட்கின்றன.

மெட்டுகளின் கணக்கு எனக்குப் பேராச்சரியம் அளித்தது. தஞ்சாவூர் வீணையில் மெழுகின்மேல் மெட்டுகளைப் பதித்து, செவியையே அளவுகோலாகக் கொண்டு நகர்த்தி நகர்த்தி மேளம் கட்டுவர். பிழையிருந்தால் மெழுகை இளக்கி மீண்டும் வைக்கலாம். இங்கே மரத்தை வாளால் அறுத்து மெட்டை அடித்து இறக்குவதால் செவிக்கு முன்னால் கணிதம் பேசிவிட வேண்டும். தந்தி நீளத்தை 17.817 என்ற எண்ணால் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மறுபடி அவ்வெண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில், 406.4 மில்லிமீட்டரில், வந்து நிற்கும். முதல் மெட்டுக்கு 45.6 என்று பென்சிலால் எழுதியிருந்த சுவடியை அவர் எனக்குக் காட்டினார்.

உடற்பகுதி பால்மரம். நட்டு இருபத்தைந்து முப்பது ஆண்டில் பால் ஓய்ந்தபின் வெட்டப்படும் இம்மரத்தை முற்காலத்தில் விறகாக எரித்தார்கள். பூச்சி அரிக்கும், பூஞ்சை நீலம் பாய்ந்துவிடும் என்பதால், அறுத்தவுடனே போரான் உப்பு ஏற்றி உலர்த்தும் முறை வந்த பிறகே அது மேசை நாற்காலியாயிற்று. அகலப் பலகை கிடைப்பது அரிதாகையால் ஐந்து சட்டங்களை ஒட்டி இந்த உடலை அமைத்திருந்தார். மின்சார வாத்தியத்தில் காந்தம் தந்தியின் அசைவைத்தான் உணர்கிறது. ஆதலால் உடல் மரத்தால் நாதம் எவ்வளவு வேறுபடும் என்பதில் இத்தொழிலாளரிடையே ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. ஆயினும் தூங்குமூஞ்சி மரம் போன்ற உள்ளூர் மரங்களால் கித்தார் செய்து அயல்நாட்டாரின் மதிப்பைப் பெற்ற ஜெஃப்ரி யோங்கைப் போன்றோர் இந்நாட்டில் இருக்கும்போது, பால்மரத்தை மலிவுச் சரக்கென்று ஒதுக்குவது தகாது என்பதே என் எண்ணம்.

கழுத்துக்கு மட்டும் அவர் வடஅமெரிக்க மேப்பிளையே நாடினார். நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்குக் குறையாமல் இழுக்க, மலாக்காவின் ஈரக்காற்று ஓயாமல் உட்புகுந்து மரத்தைப் பருக்கவைக்க, அவ்விரண்டுக்கும் நடுவே வளையாமல் நிற்க வேண்டியது கழுத்தல்லவா? உள்ளே எஃகுக் கம்பி ஒன்று உண்டு. எனினும் வளையும் மரத்தை அது திருத்துமேயன்றி நல்ல மரமாக்காது என்றார்.

காந்தத்தைச் சுற்றித் தலைமயிரளவு செப்புக் கம்பியை ஏறக்குறைய பத்தாயிரம் சுற்று சுற்றுவதையும், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் நாலாம் தந்தியின் 41க்கும் மூன்றாம் தந்தியின் 55க்கும் நடுவே புகுந்து கெடுக்காதபடி குழிவினுள் செப்புத் தகடு ஒட்டுவதையும் விரைந்து காட்டிவிட்டு, கழுத்தின் முதுகைச் சீவ அமர்ந்தார். எஃகுத் தகட்டை இரு கட்டைவிரல்களால் சற்றே வளைத்துப் பிடித்து இழுக்கும்போது, மரம் வெங்காயத் தோலைப்போல் சுருண்டு உதிர்ந்தது.

அப்பொழுது தேநீர் கொண்டுவந்த அவருடைய தாயார், முப்பது ஆண்டு பால்மரம் சீவியவர் (தோட்டத்து வழக்கில் 'மரம் வெட்டியவர்'), கொட்டகை வாசலிலேயே அமர்ந்துகொண்டார். நான் அந்த நாட்களைப் பற்றி விசாரித்தேன். "விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு நிக்கணும் தம்பி. வெட்டும்போது பட்டையைத்தான் சீவணும், கட்டையைத் தொட்டுடக் கூடாது. தொட்டா மரத்துக்குக் காயம், நமக்கு ஏச்சு," என்றார். ஒரு சீவலின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள உயிரடுக்கு அறுபட்டால் அவ்விடத்தில் பட்டை செவ்வையாக மீண்டும் வளராது. இருட்டில், தலைவிளக்கின் சிறு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் நாள்தோறும் அந்த நுணுக்கத்தைக் காத்த கைகளைக் கூலிக்கணக்கில் வெறும் உடலுழைப்பு என்று எழுதினார்களே என்று என் நெஞ்சு கனத்தது. சிற்பிக்குரிய கைகள் அவை.

மகன் கழுத்தை அவரிடம் நீட்டினார், அது வழக்கம்போலும். அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை மேலிருந்து கீழாக மெல்ல ஓடவிட்டு, ஏழாம் மெட்டுக்கு நேர் பின்னே நிறுத்தினார்.

"இங்கே மேடு இருக்குப்பா."

நானும் தடவிப் பார்த்தேன். என் விரலுக்கு ஒன்றும் புலப்படவில்லை. மகன் மறுமொழி ஏதும் கூறாமல் அவ்விடத்தில் பென்சிலால் ஒரு கோடிட்டு, தகட்டைத் தீட்டுவதற்குக் கல்லை எடுத்தார். மாலைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டபடியால் நான் விடைபெற்றேன். சாலைக்கு வந்த பின்னும், எஃகு கல்லில் உரசும் ஓசை கொட்டகையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.