வாதியின் மூன்றாவது பிள்ளை

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் தோற்றுப்போன வழக்குகளில் பிராது எழுதுவதுதான் பெரிய சங்கடம். நஷ்டஈடு கேட்டால் நஷ்டம் எது என்று சொல்லியாக வேண்டும். அந்த நஷ்டமோ அம்மா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு நம் பேனாவைப் பிடுங்கும்.

என் கட்சிக்காரர் திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றுகிறவர். இரண்டாவது பிரசவத்தோடு அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வராததை அவர் பொருட்படுத்தவில்லை. வயிற்றில் அசைவு தெரிந்து ஓடியபோது ஆறாம் மாதம். கருத்தடை தோற்று உண்டான கர்ப்பத்தைக் கலைக்க 1971ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்கு வரம்பு 20 வாரம்.

விசாரணைக்கு வந்தபோது பையனுக்கு நாலு வயது. கடிப்பான், கையில் கிடைத்ததை எறிவான். ‘வேண்டாத பிள்ளை வேற எப்படி இருப்பான்?’ என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டிருந்தது. ஒருநாள் ஆவணம் வாங்க வீட்டுக்குப் போனேன். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். பையன் வந்து தோளில் சாய்ந்தான். அவர் கண்ணை எடுக்காமல் முழங்கையால் தள்ளினார். மறுபடி சாய்ந்தான், மறுபடி தள்ளினார். மூன்றாம் தடவை சுளகு கவிழ்ந்தது. கடையில் எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். அந்த அவசரம் அவருக்கு. மூத்த இரண்டு பேரையும் தூக்கிவைத்திருக்க மாமியார் இருந்தார். இவன் பிறக்கும் முன்பே அவர் காலமாகிவிட்டார். தெரு சொன்ன காரணத்தைவிட இது எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஜூனியர் ஒரு ஆய்வைக் கொண்டுவந்தார். ஒரே கர்ப்பத்துக்கு இரண்டு முறை கருக்கலைப்பு மறுக்கப்பட்ட பெண்களுக்கு 1961-63இல் பிராக் நகரில் பிறந்த 220 பிள்ளைகளை, அதே எண்ணிக்கையில் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். ஒன்பது வயதில் அறிவுத்திறனில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மதிப்பெண் குறைவு, சக பிள்ளைகளிடம் ஒட்டுதல் குறைவு. பதின்ம வயதில் இடைவெளி கூடியது, வளர்ந்தபின் சுருங்கியது. வாதத்துக்கு வலு சேர்க்கும்தான். நான் சேர்க்கவில்லை. அந்தப் பெண்கள் வேண்டாமென்று இரண்டு தடவை போய்க் கேட்டவர்கள். இவர் எதிர்பாராமல் சுமந்தவர். தவிர, இவன் கெட்டுப்போவான் என்று கோர்ட் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் அதை அழிக்க எந்த மேல்முறையீடும் கிடையாது.

குறுக்கு விசாரணையில் அரசு வக்கீல், “அப்போ இந்தப் பையன் உங்களுக்கு வேண்டாம், இல்லையா?” என்றார்.

“கேட்டு வரல சார். வந்தவன எங்க கொண்டு விட?”

எங்களுக்கு எதிராக நின்றது 2005ஆம் ஆண்டு சிவராம் வழக்குத் தீர்ப்பு. ஆபரேஷன் தோற்றது மட்டும் போதாது, டாக்டரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதோடு, மாதவிலக்கு தவறியதும் டாக்டரிடம் போக வேண்டும், தம்பதி பெற்றுக்கொள்ள முடிவெடுத்தால் அது வேண்டாத குழந்தையாக இருக்காது என்றும் சொன்னது. முடிவெடுக்கும் தேதியே கைதவறிப் போனவளை இதில் எங்கே வைப்பது? வேண்டும், வேண்டாம் என்பது ஒரே நாளில் தீரும் காரியம் என்று சட்டம் நம்புகிறது. சுளகு கவிழ்ந்த நாளில் ஒன்று, அவனுக்குக் காய்ச்சல் கண்ட இரவில் இன்னொன்று என்றுதான் நான் பார்த்த தாய்மார்கள் வாழ்கிறார்கள்.

2000ஆம் ஆண்டு சாந்த்ரா வழக்கில் ஒரு பக்கக் குழாயைத் தொடாமலே விட்டிருந்தார்கள், கவனக்குறைவு வெளிப்படை. எங்கள் வழக்கில் மருத்துவமனைப் பதிவேட்டில் இரண்டும் கட்டப்பட்டதாக இருந்தது. வெட்டிய குழாய் தானாகவே கூடிவிடுவதும் உண்டு. கவனக்குறைவு நிரூபணமாகவில்லை. தோற்ற ஆபரேஷனுக்கான அரசு காப்பீட்டுத் திட்டப்படியான 30,000 ரூபாய் மட்டும் கிடைத்தது.

அப்பீல் போகலாம் என்றேன். “வேண்டாம் சார். அவன் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சப் பொறவும் கேசு ஓடும். அந்தக் கடுதாசிய அவன் படிக்கவா?” என்றார். அப்பீலுக்கென்று வாங்கிவைத்திருந்த தீர்ப்பு நகலையும் என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.